மூன்று வாய், ஓர் அண்டா

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கே போனால் வலது கையில் சுடலைக்கண்ணுவின் பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு எதுவானாலும் பத்தமடையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை ஆற்றங்கரை ஊர்களுக்கு அங்கிருந்துதான் பாத்திரம் போகும். சோறு வடிக்க அண்டா, குழம்புக்கு உருளி, பாயசத்துக்கு வாயகன்ற வார்ப்பு, சமுக்காளம், குத்துவிளக்கு என்று கடை நிறைய அடுக்கியிருக்கும். பித்தளைக் கழுத்துகளில் அவர் பெயரின் முதல் எழுத்துகளை உளியால் வெட்டியிருந்தார். எந்த வீட்டில் என்றைக்கு விசேஷம், எந்த அண்டா எங்கே நிற்கிறது என்று கேட்டால் வெற்றிலையை மென்றபடியே சொல்லுவார். எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில்தான் அது தவறியது. வயல்களில் பிசான நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. முக்கூடலில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே பாத்திரம் போயிருக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு சமையல்காரர் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து நின்றார். அவருக்குக் கொடுக்க வேண்டிய பெரிய அண்டாக்கள் கடையில் இல்லை. அவை பத்தமடையில் வேறொரு வீட்டில் நின்றன. அந்த வீட்டுக்குத் தான் எப்போது சம்மதம் சொன்னோம் என்று சுடலைக்கண்ணுக்கு நினைவே வரவில்லை.

கல்யாணம் நடந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, சின்னப் பாத்திரங்களில் பிரித்துப் பிரித்து வடித்தார்கள். முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்குச் சோறு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் இலைக்கு முன் காத்திருக்க நேர்ந்தது. பெண்ணின் அப்பா மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது நிதானமாகச் சொன்னார்.

"சம்பந்தக்காரங்க முன்னால இலையப் போட்டுட்டு சோத்துக்குக் காத்துக் கிடந்தேன் வே. உமக்கு வயசாயிட்டு. தலையில நிக்கலைன்னா கடைய மூடிரும். ஊரான் வீட்டு மானத்த எதுக்கு வாங்குதீரு?"

அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரு சடங்கு வீடு, சின்ன விஷயம், சமாளித்துவிட்டார்கள். இது அப்படிச் சமாளிக்கிற விஷயமில்லை.

சுடலைக்கண்ணு அன்று மதியம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் அதன்பிறகு சரியாகக் கடைக்குப் போகவில்லை. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்து, வந்தவர்களையெல்லாம் யார் யார் என்று கேட்டுக்கொண்டு கிடந்தவர். அதை உடனிருந்து பார்த்தவர் சுடலைக்கண்ணு. தனக்கும் அது வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தி, நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று மனைவியிடம் கேட்பார். அவள் சொல்வதும் தான் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு மேலே சாப்பிடுவார். அதற்காகவே அவர் மனைவி ஆவுடையம்மாள் தினமும் வைத்த குழம்பை நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

அவர்களுக்கு ஒரே மகள், சண்முகசுந்தரி. திருநெல்வேலியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.பி.ஏ. மூன்றாம் வருஷம். வெறும் பி.பி.ஏ. இல்லை, வணிக நிர்வாகத்தோடு கம்ப்யூட்டரும் சேர்ந்த புதுப் படிப்பு. அவள் சேர்ந்த வருஷம்தான் ஆரம்பித்தார்கள். பி.காம். இடம் கிடைக்காததால் இதில் சேர்ந்தாள். ஊரில் கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. வியாபாரத்தையெல்லாம் காலேஜில் போயா படிப்பார்கள் என்று எதிர்த்த மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். காலை பாசஞ்சரில் போய் சாயங்காலப் பாசஞ்சரில் வருவாள். கல்லூரியில் ஏ.சி. போட்ட ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு மிஷினுக்கு மூன்று பெண்கள். ஒருத்தி தட்டுவாள், மற்ற இருவரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள்.

கடைசி வருஷத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு நிறுவனத்தைப் பார்த்து, அதற்கு ஏற்ற ஒரு தகவல் முறையை அமைத்துக் காட்ட வேண்டும். அதற்கு வழிகாட்டியவள் நஃபீஸத் மேடம். மேலப்பாளையத்துக்காரி. எம்.சி.ஏ. முடித்து நேராக இங்கே வந்தவள். மாணவிகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். ஆஸ்பத்திரி, நூலகம், ஜவுளிக்கடை என்று பெண்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். சண்முகசுந்தரி ஒரு ஜவுளிக்கடையின் சம்பளப் பட்டியலைச் செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

கார்த்திகையில் திசையன்விளையிலிருந்து சுயம்புலிங்கம் அண்ணாச்சி வந்தார். அவரும் பாத்திர வாடகைக்காரர்தான், பெரிய கை. செம்மண் ஊர்களில் பாதிக் கல்யாணம் அவர் பாத்திரத்தில்தான் நடக்கும். கடையில் உள்ளதை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சுடலைக்கண்ணு பேரம் பேசவில்லை. பங்குனிக் கடைசியில் லாரி கொண்டுவந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் போன பிறகு ஆவுடையம்மாள் அடுக்களையில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மகள் பார்த்தாள்.

மறுநாள் அவள் நஃபீஸத் மேடத்திடம் போய், ஜவுளிக்கடை வேண்டாம், எங்கள் கடையையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மூடப்போகிற கடை என்பதையும் மறைக்கவில்லை. மேடம் அவள் முன்பு எழுதிக் கொடுத்திருந்த தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, கம்ப்யூட்டரைப் பற்றி இப்போது நினைக்காதே, கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடி, நீ பார்ப்பதற்கு முன்பே உன் அப்பா சொல்லும் காரணத்தை நம்பிவிடாதே என்று சொல்லி அனுப்பினாள்.

அப்பாவிடம் கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோளாறு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும். இந்தா, இதுக்குள்ள இருக்கு" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "அத வேற காலேஜ்ல கொண்டுபோயி எழுதப் போறியா?"

"பங்குனி வரைக்கும் கடை உங்க கடைதானப்பா. அதுவரைக்கும் பாக்கேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கின. வந்த வாடிக்கையை விடமுடியாமல் ஆவுடையம்மாளும் டெம்போ ஓட்டுகிற சங்கிலிபூதத்தானும் கடையை எப்படியோ நடத்தினார்கள். சண்முகசுந்தரி விடுமுறை நாளெல்லாம் கடையில் உட்கார்ந்தாள். பாத்திரம் போகும்போது டெம்போவில் கூடவே ஏறிப் போனாள். சமையல்காரர்களிடம் எப்போது அடுப்புப் பற்ற வைப்பார்கள் என்று கேட்டாள். ஐப்பசியில் பாத்திரம் தவறிப்போன வீடுகளுக்குப் போய், பாத்திரத்துக்கு யாரிடம் சொன்னீர்கள், என்றைக்குச் சொன்னீர்கள் என்று விசாரித்தாள். முக்கூடல் வீட்டில் முதலில் முகம் கொடுக்கவில்லை. குறை சொல்ல வரவில்லை, படிப்புக்காகத்தான் கேட்கிறேன் என்றதும் அந்தப் பெண்ணின் அம்மா உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துப் பேசினாள்.

விசாரித்ததையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய தாளில் வரைந்தாள். பாடத்தில் அப்படித்தான் வரையச் சொல்லியிருந்தார்கள். யாரிடமிருந்து யாருக்கு என்ன சேதி போகிறது என்று வட்டமும் அம்புக்குறியுமாக வரைய வேண்டும். ஆவுடையம்மாள் கொல்லையில் புளியும் சாம்பலும் போட்டு உருளி துலக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து மகளின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் அவளுக்கு.

"இதுல அப்பா இருக்காவ, சங்கிலி இருக்கான். நான் எங்கட்டி?"

"நீ பாத்திரம் துலக்குதவதான? சேதி உன் வழியா போகலையேம்மா."

"போகலையா? நல்லாருக்கு. அப்பா மத்தியானம் கண்ணசரும்போது கொல்ல வழியா பொம்பளையாளு வருவாவள்லா. ஏளா, வெள்ளிக்கிழம எங்க வீட்டுல வளகாப்பு, ரெண்டு உருளி வேணும்பாவ. சரி எடுத்துக்கிடுங்கம்பேன். பத்தமடைக்காரியும் அப்படித்தான் வந்தா."

சண்முகசுந்தரி பென்சிலைக் கீழே வைத்தாள். "ஐப்பசியிலயா? அந்த அண்டாவுக்கா?"

"ஆமா. அப்பாட்டயும் சொன்னேன்னுதான் நெனைக்கேன்." ஆவுடையம்மாள் அதைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "சொன்னேனாட்டி?"

சொல்லவில்லை. அன்று இடி மின்னலில் கொல்லைச் சுவர் சாய்ந்து, அந்தக் களேபரத்தில் மறந்துபோயிருந்தது. பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போன சங்கிலியோ, வீட்டு அம்மாவே சொல்லுகிறாள், சுடலைக்கண்ணு அண்ணாச்சிக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டான். அதோடு விஷயம் முடியவில்லை. சங்கிலியும் போகிற ஊர்களில் டீக்கடையில் வைத்தே பலருக்குச் சரி சொல்லிவந்திருக்கிறான். அதில் பாதியை வந்து சொல்லுவான், பாதியை மறந்துவிடுவான். இன்னொன்றும் அவளுக்குப் பிடிபட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்திகளுக்குச் சொதிச் சாப்பாடு, அதாவது தேங்காய்ப்பால் குழம்போடு விருந்து, போடுகிற வீடுகளில் பாத்திரம் ஒருநாள் கூடுதலாக நிற்கும். முன்பெல்லாம் சிலபேர்தான் பெரிதாகச் செய்தார்கள். இப்போது எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். அப்பாவின் கணக்கு இன்னும் முகூர்த்தத்தன்று சாயங்காலமே பாத்திரம் திரும்பிவிடும் என்ற பழைய கணக்காகவே இருந்தது.

அன்று மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சுடலைக்கண்ணு பாதி சாப்பிட்டிருக்கும்போது மகள் தாளைக் கொண்டுவந்து அவர் எதிரில் விரித்தாள். அம்மாவுக்குப் புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தாள். அதிலிருந்து அப்பாவின் வட்டத்துக்கு அம்புக்குறியே இல்லை. ஆவுடையம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, உங்க தலையில ஒரு கோளாறும் இல்ல. நீங்க எதையும் மறக்கல. பத்தமடைச் சேதி உங்க காதுக்கே வரல."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சடங்கு வீடு சங்கிலி சொன்ன சரி. பத்தமடை அம்மா சொன்ன சரி. இடையில் திரும்பாத பாத்திரம் சொதிக்காக நின்றது. "சரி சொல்லுத வாய் மூணு இருக்கு. அண்டா ஒண்ணுதான். இதுல யாரு தலையிலதான் நிக்கும்?"

சுடலைக்கண்ணு மனைவியைப் பார்த்தார். "நீயாளா சொன்ன, பத்தமடைக்கு?"

ஆவுடையம்மாள் அழுதபடி தலையை ஆட்டினாள். திட்டப்போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தொவையல் வையி" என்றார். "நானா மறக்கல. நான் மறக்கல பாத்துக்கோ."

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

இனிமேல் எப்படி நடத்துவது என்பதில்தான் சண்டை வந்தது. சரி சொல்லுகிற வாய் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது அம்மாவாக இருக்கட்டும் என்றாள் சண்முகசுந்தரி. எப்போதும் வீட்டோடு இருப்பவள் அவள்தான். வீட்டின் முன்வாசல் கடைக்கும் பின்வாசல் கொல்லைக்கும் போகிறது. அப்பா கேட்டாலும் சங்கிலி கேட்டாலும் அவளிடம் வந்துதான் கேட்க வேண்டும். சுடலைக்கண்ணுக்கு இது தொண்டையில் சிக்கியது. ஆனால் விழுங்கிவிட்டார். சங்கிலிபூதத்தான்தான் டெம்போ சாவியைத் தூக்கி மேஜையில் போட்டான்.

"அப்பம் என்னய நம்பலன்னு அர்த்தம். ஆளுக ஆசையா கேக்காவ, நான் போயி அக்காட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்னு சொன்னா என்னய ஒருத்தன் மதிப்பானா?"

சண்முகசுந்தரி அவனை உட்காரச் சொன்னாள். யார் எவ்வளவு வாடிக்கை கொண்டுவந்தார்கள் என்று அவள் பார்த்துவைத்திருந்தாள். கடையிலேயே சங்கிலி கொண்டுவந்ததுதான் அதிகம் என்று காட்டினாள்.

"உங்கள நம்பலைன்னு யாரு சொன்னா மாமா? நீங்க கேட்டுக் கொண்டாங்க. அம்மா சரின்னுட்டா, பாத்திரம் வரலைன்னு உங்க சட்டையப் பிடிக்க ஒருத்தன் வரமாட்டான். ஐப்பசியில சடங்கு வீட்டுல உங்கள என்ன பேச்சுப் பேசுனாவ?"

சங்கிலி எழுந்தான். மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான்.

அதன்பிறகுதான் கம்ப்யூட்டர் வேலை. வாரம் முழுக்க அம்மா சொன்ன சம்மதங்களை மகள் எழுதிக் கல்லூரிக்குக் கொண்டுபோவாள். ஃபாக்ஸ்புரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவள் எழுதிய புரோகிராம், எந்த வீடு, எத்தனை பேர் சாப்பாடு, அடுப்பு எப்போது பற்றும், மறுநாள் சொதி உண்டா என்று கேட்கும். ஒரு பாத்திரம் எப்போது திரும்பும் என்று அதுவே கணக்குப் போடும். ஒரே அண்டாவை இரண்டு வீடு கேட்டால் அந்த வரியின் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். முதலில் அது எல்லா வரிக்கும் நட்சத்திரம் போட்டது. அப்புறம் எதற்குமே போடவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரமெல்லாம் நஃபீஸத் மேடம் கூட உட்கார்ந்தாள். பிழை எங்கே என்று தெரிந்தாலும் சொல்லமாட்டாள். இந்த வரி என்ன செய்கிறது என்று உன் வாயால் சொல் என்பாள். சொல்லும்போதே சண்முகசுந்தரிக்குப் பிழை தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு ஓரமும் துளை போட்ட கோடுபோட்ட தாளில் அச்சடித்துச் சுருட்டி ரயிலில் கொண்டுவந்தாள். சுடலைக்கண்ணு அதைக் கடையில் ஒரு கம்பியில் தொங்கவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவ கம்ப்யூட்டர்ல போட்டுக் கொண்டாந்திருக்கா" என்று காட்டுவார். மருந்துக்கடைக்காரர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்துவிட்டுப் போனார்.

பங்குனிக் கடைசியில் சொன்னபடி சுயம்புலிங்கம் அண்ணாச்சி லாரியோடு வந்து இறங்கினார். சுடலைக்கண்ணு அவருக்கு இளநி வெட்டிக் கொடுத்து, மனசு மாறிவிட்டது, மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணாச்சிக்குக் கோபம்தான். வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சித்திரையில் வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடியது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"கம்ப்யூட்டரே இல்லாத கடைக்கு நீ என்னம்மா சிஸ்டம் போட்டே?"

நஃபீஸத் மேடம் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சண்முகசுந்தரி முன்பே தீர்மானித்திருந்தாள்.

"சிஸ்டம் கடையில இருக்கு சார். கம்ப்யூட்டர் மட்டும்தான் காலேஜ்ல இருக்கு. யாரு யாருக்குச் சொல்லணும், யாரு சரி சொல்லணும்னு வகுத்தோம். தப்பு அதுலயே முக்கால்வாசி நின்னுட்டு. மிச்சத்துக்குத்தான் மிஷின்."

பேராசிரியர் அம்மாவின் வட்டத்தைச் சுட்டி, இது யார் என்று கேட்டார். சொன்னாள். அவர் கேட்ட கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு ஆவுடையம்மாளைப் பற்றித்தான். பின்வாசலில் வருகிறவர்களுக்கு எப்படி இல்லை என்று சொல்லுகிறாள் என்று கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்தார். வெளியே வந்ததும் நஃபீஸத் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள்.

ஆனால் உண்மையான பரீட்சை வைகாசியில் வந்தது. அந்த வருஷத்தின் பெரிய முகூர்த்தம். ஒரே நாளில் ஏழு வீட்டுக் கல்யாணம் சுடலைக்கண்ணுவின் பாத்திரத்தில். தேர்வு முடிந்த பிறகும் நஃபீஸத் மேடம் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட, அதற்கான தாளும் கம்பியில் தொங்கியது. முந்தின நாள் காலையில் பொதிகைப் பக்கம் கறுத்திருந்தது. காற்றில் லேசான சாரல். சங்கிலி விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் எல்லா வீட்டுக்கும் பாத்திரம் போய்விட்டது, கல்லிடைக்குறிச்சி தவிர. அந்த வீட்டுக்கான பெரிய அண்டாக்கள் மேலச்செவல் காதுகுத்து வீட்டிலிருந்து திரும்ப வேண்டியவை. அவற்றை எடுக்கப் போன சங்கிலி வெறும் வண்டியோடு திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, அந்த வீட்டுப் பெரியவரு காலையில தவறிட்டாவ. வாசல்ல கூட்டமா நிக்கு. நான் வண்டிய விட்டு எறங்கல."

கல்லிடைக்குறிச்சியில் இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுப்புப் பற்ற வைத்துவிடுவார்கள். இப்போது போய்க் கேட்டால் துக்க வீட்டார் மறுக்காமல் கொடுத்துவிடுவார்கள், தண்ணீர் விட்டுத் துலக்கிக் கொண்டுபோகலாம் என்றான் சங்கிலி, தயங்கித் தயங்கி.

"துஷ்டி வீட்டுல போயி அண்டா கேக்கமாட்டேன்" என்றார் சுடலைக்கண்ணு. "அவுகளுக்கே இன்னைக்குத் தேவைப்படும். வேற சமுக்காளம் தண்ணிப்பானை வேணுமான்னு கேட்டுக் கொண்டுபோயிக் கொடு."

ஆவுடையம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் கம்பியில் தொங்கிய தாளைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து போய்த் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். வரி வரியாக விரலை ஓட்டினார். அடுப்புப் பற்றும் நேரம் எழுதியிருந்த பத்தியில் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"வீரவநல்லூரு. சாமுவேல் வாத்தியார் வீடு. சர்ச்சுக் கல்யாணம், நாளைக்குச் சாயங்காலம்லா? ராத்திரி விருந்து. அவுகளுக்கு அடுப்புப் பத்துதது நாளைக்கு மத்தியானம்தான்."

"ஆமாப்பா. அண்டா காலையிலயே போயி அவுக வீட்டுல சும்மா நிக்கு."

"அத இப்பம் கல்லிடைக்குக் கொண்டுபோவோம். வாத்தியாருக்கு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற அண்டா வேணும்." அவர் தாளைத் திரும்பக் கம்பியில் தொங்கவிட்டார். "திசையன்விளைக்குத்தான் கேக்கணும்."

மருந்துக்கடைக்குப் போய்ப் போன் போட்டார். சுயம்புலிங்கம் அண்ணாச்சி எடுத்ததும், பங்குனியில் லாரியைத் திருப்பிவிட்டவரா என்றுதான் கேட்டாராம். சுடலைக்கண்ணு எதையும் மறைக்காமல், துஷ்டி வீட்டைப் பற்றிச் சொல்லி, நாளை மதியத்துக்குள் பெரிய அண்டா இத்தனை வேண்டும் என்றார். அதற்கு அண்ணாச்சி சொன்னது மருந்துக்கடைக்காரருக்கே கேட்டது.

"விடியும்போது வண்டி கெளம்பும். நீரு துஷ்டி வீட்டுல போயிக் கேக்கலைன்னு சொன்னீரே, அதுக்காவ அனுப்புதேன்."

வீரவநல்லூர் வாத்தியார் வீட்டில் சுடலைக்கண்ணுவே போய் நின்று விஷயத்தைச் சொன்னார். அவர்கள் யோசிக்காமல் ஏற்றிவிட்டார்கள். பொழுது சாயும்போது அண்டாக்கள் கல்லிடைக்குறிச்சியில் இறங்கின. சமையல்காரர் அடுப்பில் விறகை அடுக்கிவிட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் திசையன்விளை வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வீரவநல்லூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு வீட்டிலும் ஓர் இலையும் காத்திருக்கவில்லை.

கல்யாணத்தன்று மதியம் அப்பா, அம்மா, மகள் மூவரும் கல்லிடைக்குறிச்சிக்குப் போனார்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் பாத்திரத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். சாப்பாடு சமையல்கட்டுக்குப் பின்னால் நின்றபடியே முடிந்துவிடும். அன்றும் சுடலைக்கண்ணு நேராக அடுப்படிக்குத்தான் போனார். பெண்ணின் அம்மா அவர்களைத் தேடிக்கொண்டு அங்கே வந்தாள். பட்டுச் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. நடந்ததையெல்லாம் சமையல்காரர் அவளிடம் சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, மைனியக் கூட்டிக்கிட்டு வாங்க. ஏட்டி, நீயும் வா. பந்தியில எடம் போட்டுருக்கேன்."

வேலை கிடக்கிறது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஆவுடையம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. அவியல் வந்தது, பொரியல் வந்தது, மாங்காய்ப் பச்சடி வந்தது. ஒரு பையன் தூக்குவாளியில் பாயசம் கொண்டுவந்தான். வாளியின் கழுத்தில் தன் பெயரின் எழுத்துகள் வெட்டியிருந்ததைச் சுடலைக்கண்ணு பார்த்தார். தன் பாத்திரத்திலிருந்து தனக்கு ஒருவர் பரிமாறுவதை இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததேயில்லை. பாயசம் இலையில் ஓடியது. விரலை வளைத்து அணை கட்டிக் குடித்தார். பக்கத்தில் மகள், அதற்கப்பால் மனைவி, இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பையன் அடுத்த இலைக்கு நகரப் பார்த்தான்.

"தம்பி, பைய போ" என்றார் சுடலைக்கண்ணு, தன் இலையைத் தொட்டுக் காட்டி. "இந்த இலைக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."